லாரியை விற்கவிருந்தேன், டேங்க் மூடி காப்பாற்றியது

2009 மாடல் மினி லாரி. நாமக்கல்லில் இருந்து கொல்லிமலைக்கு சிமென்ட் ஏற்றிப் போவேன், திரும்பும்போது வாழைத்தார். எப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) முடித்த மாதத்தில் இருந்து, ஓடத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் இழுவை குறைந்து நின்றுவிடும். அரை மணி நேரம் ஓரங்கட்டினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

டீசல் ஃபில்டர் மாற்றினேன். டேங்கில் இருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் புதிது. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பம்பைக் கழற்றி காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) செய்தாயிற்று, அதிலேயே 4 நாள் போச்சு. ஒரு மெக்கானிக் இன்ஜினையே மாற்றச் சொன்னார். புரோக்கரோ இரும்பு விலைக்குக் கேட்டார். விற்கலாம் என்றே முடிவு செய்திருந்தேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது: டேங்க் நிறைய டீசல் அடித்த அன்று வண்டி சீக்கிரம் நிற்கும், அரை டேங்க் என்றால் இன்னும் கொஞ்ச தூரம் போகும். கொண்டை ஊசி வளைவில் நின்ற ஒருநாள், அளவு பார்க்க மூடியைத் திறந்தேன். 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. உடனே சாவி போட்டேன், ஓடியது.

எப்.சி.க்கு பெயின்ட் அடித்தவர் மூடிக்கும் சேர்த்து அடித்திருக்கிறார். அதில் இருக்கும் குண்டூசித் தலை அளவு காற்றுத் துளை அடைபட்டுவிட்டது. டீசல் குறையக் குறைய உள்ளே காற்று வராமல் வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியவில்லை. டேங்க் நிறைந்திருந்தால் மேலே காற்றுக்கு இடம் குறைவு, அதனால்தான் சீக்கிரம் நின்றது. காத்திருந்தால் காற்று மெல்ல உள்ளே கசிந்து சரியாகும்.

மெல்லிய கம்பியால் குத்தி, மண்ணெண்ணெயில் கழுவினேன். 3 வாரமாக ஒருமுறைகூட நிற்கவில்லை. புரோக்கருக்கு இன்னும் போன் பண்ணிச் சொல்லவில்லை.