ஈரல் நோயாளி வீட்டில், மிஸ் தொலைபேசியில்: எதை அளப்பது, எப்படிச் சொல்வது

தொலைபேசியின் மறுபக்கத்தில் இருக்கும் தாதிக்கு, நாம் "மிஸ்" என்று கூப்பிடுபவருக்கு, நோயாளியின் கண் நிறமும் தெரியாது, வயிறும் தெரியாது. "இண்டைக்கு அவருக்கு ஒரு மாதிரியா இருக்கு மிஸ்" என்று சொன்னால் அவர் இன்னும் பத்துக் கேள்வி கேட்க வேண்டிவரும். "முந்தாநாள் 61 கிலோ, இண்டைக்கு 63. ரெண்டு நாளா வெளிக்குப் போகல்ல. என்ன கிழமை எண்டு கேட்டா மாறிச் சொல்றார்" என்று சொன்னால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். சிரோசிஸ் வந்து ஈரல் சுருங்கிய ஒருவரை இலங்கையின் கிழக்கில் வாகரையிலோ வெல்லாவெளியிலோ பொத்துவிலிலோ வீட்டில் வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு கொப்பி, ஒரு தராசு, ஒரு வெப்பமானி, இவ்வளவும் இருந்தால்தான் அந்தத் தொலைபேசி பயன்படும்.

ஆஸ்பத்திரி வோட்டை விட்டு வெளிக்கிட முன்

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் எல்லோருக்கும் அவசரம். ஆனாலும் மூன்று விஷயத்தைக் கேட்டு எழுதாமல் வரவேண்டாம். பகலில் எந்த இலக்கத்துக்கு எடுப்பது, இரவில் எங்கே எடுப்பது, எது நடந்தால் எடுக்காமல் நேரே வருவது. ஆஸ்பத்திரியின் பொது இலக்கம் மட்டும் கையில் இருந்தால் போதாது. வோட்டின் உள் இலக்கத்தையும் வாங்குங்கள். நோய் விபரம் எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்ட்டையும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கார்ட் தொலைந்தாலும் படம் இருக்கும்.

தாதியர் வேலை பொதுவாகக் காலை 7, பகல் 1, இரவு 7 மணிக்குக் கைமாறும். அந்த நேரத்தை ஒட்டி எடுத்தால் போகிறவர் அவசரத்தில் இருப்பார், வருகிறவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. காலையில் டொக்டர் வோட் சுற்றும் நேரமும் அப்படித்தான். அவசரமில்லாத கேள்வியைப் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பாறை நகரப் பக்கம் எடுப்பவர்களுக்கு மொழிச் சிக்கல் வரலாம். மறுபக்கம் சிங்களம் மட்டும் பேசினால் திகைக்காமல் "தமிழ் பேசும் மிஸ்" என்று கேளுங்கள், அல்லது வீட்டில் சிங்களம் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காமாலைக்கு அவர்கள் சொல்வது "செங்கமாலய", இரத்தத்துக்கு "லே". இந்த இரண்டு சொல்லும் கொப்பியின் அட்டையில் இருக்கட்டும்.

போன் எடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாதவை

இரத்தமாகவோ கோப்பித்தூள் கரைத்தது போலவோ சத்தி. தார் போலக் கறுத்து, ஒட்டும், கெட்ட மணமுள்ள மலம். தட்டி எழுப்பியும் எழும்பாத தூக்கம். வலிப்பு. ஈரல் நோயால் வயிற்றில் தண்ணி சேர்ந்தவருக்குக் காய்ச்சலும் வயிற்று நோவும் சேர்ந்து வருவது. இவற்றில் எது நடந்தாலும் 1990க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அந்தச் சேவை இலவசம். வரும் வரை நோயாளியை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாயால் ஒன்றும் கொடுக்க வேண்டாம், ஒரு மிடறு தேத்தண்ணியும் வேண்டாம். இரத்தச் சத்தியை "சூடு" என்று நினைத்து இளநீர் கொடுத்துப் பார்ப்பதில் போகும் அரை மணித்தியாலம் திரும்பி வராது.

ஒரு விதிவிலக்கு: இரும்புச்சத்துக் குளிசை குடிப்பவருக்கும் மலம் கறுக்கும். அது கட்டியாக, கரும்பச்சையாக இருக்கும். தார் போல இளகி ஒட்டாது, அந்த மணமும் வராது. சந்தேகம் என்றால் இரத்தம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கொப்பி

நிறைதான் முதல். ஒவ்வொரு நாளும் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிட முன், ஒரே மாதிரி உடுப்போடு. தராசு சீமெந்துத் தரையில் இருக்க வேண்டும். பாய், காப்பெட் மேல் வைத்தால் தராசு பொய் சொல்லும். தண்ணி இறங்க மருந்து குடிப்பவருக்குக் காலில் வீக்கம் இல்லையென்றால் நாளுக்கு அரைக் கிலோ குறைவது போதும், வீக்கம் இருந்தால் ஒரு கிலோ வரை குறையலாம். அதைவிட வேகமாகக் குறைந்தால் சந்தோசப்பட வேண்டாம். உடம்பு வற்றிச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம், அன்றைக்கே போன் எடுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலும் எடுங்கள்.

இரண்டாவது, வெளிக்குப் போன தடவை. லக்ருலோஸ் பாணி குடிப்பவருக்கு நாளுக்கு இரண்டு, மூன்று தடவை இளக்கமாகப் போக வேண்டும். அந்தப் பாணி மலச்சிக்கலுக்கு மட்டும் தருவதல்ல. கெட்ட ஈரலால் கழிக்க முடியாத அமோனியாவைக் குடலிலிருந்து வெளியேற்றத்தான் தருகிறார்கள். இதை விளங்காமல் "இப்ப நல்லாப் போகுது" என்று பாணியை நிற்பாட்டுவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் பிழை. சில நாளில் மனிதர் பகலில் தூங்கி இரவில் நடமாடுவார், ஈரல் மயக்கம் அப்படித்தான் தொடங்கும். மறுபக்கம், ஐந்தாறு தடவை தண்ணியாகப் போனாலும் உடம்பு வற்றி அதே மயக்கம்தான் வரும். அப்போது அடுத்த வேளைப் பாணியைக் கொடுக்க முன் மிஸ்ஸைக் கேளுங்கள். அளவு பொதுவாக ஒரு வேளைக்கு 15 முதல் 30 மில்லிலீற்றர். சமையல் கரண்டியால் அளக்க வேண்டாம், போத்தலோடு வரும் மூடிக் கிண்ணத்தால் அளங்கள்.

மூன்றாவது, கையெழுத்து. ஒவ்வொரு நாளும் காலையில் நோயாளியே தன் பெயரையும் திகதியையும் எழுதட்டும். எழுதத் தெரியாதவர் ஒரு நட்சத்திரம் கீறட்டும். மூளைக்கு அமோனியா ஏறும்போது வாய்ப்பேச்சு கெட முன்பே எழுத்துக் கோணும். இன்னொரு சோதனையும் வீட்டில் செய்யலாம்: ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகப் பெயர் சொல்கிறார் என்று எண்ணுங்கள். பத்துக்குக் குறைந்தால் அந்த எண்ணிக்கையை மிஸ்ஸிடம் சொல்லுங்கள். கைகளை நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொன்னால் விரல்கள் பறவைச் செட்டை போல அடிக்கின்றனவா என்றும் பாருங்கள்.

சிறுநீரை அரை லீற்றர் தண்ணிப் போத்தலால் அளக்கலாம். முழு நாளில் ஒரு போத்தலும் நிரம்பவில்லை என்றால் அது செய்திதான். காய்ச்சலைக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டாம். 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட் தாண்டினால் எண்ணோடு சொல்லுங்கள்.

போனில் சொல்லும் ஒழுங்கு

கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டாம். பெயர், வயது, கிளினிக் இலக்கம், கடைசியாக எப்போது வோட்டில் இருந்தார், ஏன். அடுத்து, இன்றைக்கு மாறியது என்ன, எந்த நேரத்திலிருந்து. பிறகு கொப்பியில் உள்ள எண்கள். பிறகு மருந்துகள். உங்கள் கேள்வி கடைசியில். இவ்வளவும் இரண்டு நிமிடத்தில் முடியும். நோயாளி பேசக்கூடியவராக இருந்தால் ஒரு தடவை அவரையும் பேச விடுங்கள். இழுத்துப் பேசுவதைக் காது கேட்டே கண்டுபிடிக்கும் மிஸ்மார் இருக்கிறார்கள்.

மருந்து சொல்லும் இடத்தில்தான் மிகப் பெரிய குழப்பம் வரும். ஸ்பைரோனோலக்ரோன் 25 மில்லிகிராமிலும் இருக்கிறது, 100 மில்லிகிராமிலும் இருக்கிறது. பாமசியில் ஒரு மாதம் ஒன்றும், அடுத்த மாதம் மற்றதும் கிடைக்கலாம். "ரெண்டு குளிசை" என்றால் 50 ஆகவும் இருக்கலாம், 200 ஆகவும் இருக்கலாம். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மில்லிகிராமை வாசியுங்கள். புரொப்ரனோலோல், கார்வெடிலோல் போன்றவை உணவுக்குழாயில் வீங்கிய இரத்தக்குழாய் வெடிக்காமல் இருக்கத் தருபவை. நாடி நிமிடத்துக்கு 50க்குக் கீழோ, மேல் பிரசர் 90க்குக் கீழோ போனால் உடனே போன் எடுங்கள். நீங்களாக நிற்பாட்ட வேண்டாம்.

கண் மஞ்சளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் பகல் வெளிச்சத்தில், கதவடியில் நிற்க வைத்து எடுங்கள். மஞ்சள் பல்ப்பின் கீழ் எல்லோருக்கும் காமாலைதான்.

மிஸ் கேட்கும் சங்கடமான கேள்விகள்

நோவுக்கு என்ன குடித்தார் என்று கேட்பார்கள். டைக்ளோபெனாக், இபுபுரொபென் போன்றவை வயிற்றில் இரத்தக் கசிவையும் சிறுநீரகப் பாதிப்பையும் கொண்டுவரும். கடையில் ஒன்றிரண்டாக வாங்கியதையும் சொல்லுங்கள். பரசிற்றமோல் கூடாது என்றில்லை. சிரோசிஸ் உள்ளவருக்கு 500 மில்லிகிராம் குளிசை நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். தூக்கக் குளிசை வேண்டவே வேண்டாம்.

கசாயத்தை மறைப்பவர்கள் அதிகம். கீழாநெல்லி குடித்தாலும் சொல்லுங்கள், யாரும் ஏச மாட்டார்கள். சீந்தில் குடித்துச் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டது கோவிட் காலத்தில் இந்தியாவில் பதிவாகியிருக்கிறது. பெயர் தெரியாத தூள் என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள்.

குடியைப் பற்றியும் கேட்பார்கள். சாராயமோ கசிப்போ தினமும் குடித்தவர் நேற்றோடு நிற்பாட்டியிருந்தால் அந்த நேரம் மிக முக்கியம். கை நடுக்கம், வியர்வை, இல்லாததைக் காண்பது, வலிப்பு எல்லாம் பெரும்பாலும் முதல் சில நாளுக்குள் வரலாம். மிஸ்ஸுக்கு அது தெரியாவிட்டால் நடுக்கத்தை ஈரல் மயக்கம் என்று நினைத்துவிடக்கூடும்.

சாப்பாட்டில் உப்பு: எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு தேக்கரண்டிக்குள், 5 கிராம். கறிக்குப் போடுவதைக் குறைத்துவிட்டுக் கருவாடு, மாசிச் சம்பல், அப்பளம், ஊறுகாய், சூப் கட்டி என்று சாப்பிட்டால் தண்ணி இறங்காது. மீன், முட்டை, பயறு, தயிர் ஆகியவற்றைக் குறைக்கச் சொல்லும் பழைய பத்தியத்தைக் கைவிடுங்கள். ஈரல் நோயாளிக்குத் தசை கரையும். 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 72 முதல் 90 கிராம் வரை புரதம் வேண்டும். படுக்க முன் பிட்டோ பாணோ ஒரு சிறு சாப்பாடு கட்டாயம். நோன்பு வைக்க விரும்புபவர் ரமழானுக்கு முன்பே கேளுங்கள். வயிற்றில் தண்ணியோ மயக்கமோ வந்தவருக்கு அந்த நீண்ட பட்டினி ஆபத்து.

வயல் வேலை செய்பவருக்குப் புதிதாகக் காமாலையோடு காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, சிறுநீர் குறைவு வந்தால் "வயலில் இறங்கினவர்" என்பதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு வீட்டில் இருந்து பார்க்கும் வைத்தியம் இல்லை.

போனை வைக்க முன்

சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்: "அப்ப பாணி 20 மில்லி, மூண்டு தரம், நாளைக்குக் காலம நிறை பார்த்து எடுக்கிறன், சரியா மிஸ்?" பேசியவர் பெயர், நேரம், அடுத்து எடுக்கும் நேரம் மூன்றையும் எழுதுங்கள். அந்த நேரம் வந்தும் மாற்றமில்லை என்றால் மறுபடி கேட்டுக்கொண்டிருக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருப்பவர்கள் மாரியில் இந்தக் கணக்கை ஒரு நாள் முன்னுக்குத் தள்ள வேண்டும். கார்த்திகை, மார்கழியில் வீதியில் வெள்ளம் ஏறினால் அம்புலன்ஸ் வராது, லக்ருலோஸும் வராது. ஐப்பசிக் கிளினிக்கிலேயே இதைச் சொல்லி இரண்டு கிழமைக்கு மேலதிக மருந்து கேளுங்கள், போனுக்கு ரீலோடும் போட்டு வையுங்கள்.