கொட்டலசு சிப்பி அல்ல: விலங்குகளைத் தொகுதி பிரிக்கும் முறை

பினாங்கு சௌராஸ்தா பாசாரில் மீன் விற்கும் பக்கம் ஒரு சுற்று வந்தால் போதும், மூன்று பெரிய தொகுதிகள் கண்ணில் படும். மீன் முதுகுநாணி, இறாலும் நண்டும் கணுக்காலி, சோத்தோங்கும் (கணவாய்) கெராங்கும் (ஒரு சிப்பி வகை) மெல்லுடலி. மற்றவற்றுக்குத் தஞ்சோங் பூங்கா கடற்கரைப் பாறைகளுக்கு, நீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள்.

தேவையானவை இரண்டுதான்: 10 மடங்கு கைவில்லை (பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி), வெள்ளைத் தட்டு. ஐஸ்கிரீம் டப்பா மூடியே தட்டாகும். 40 மடங்கு என்று விற்கும் மலிவு வில்லையை வாங்காதீர்கள், கை லேசாக அசைந்தாலே காட்சி நழுவிவிடும். கைப்பேசிப் படமும் உதவாது. உயிரைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கம் பார்க்க வேண்டும்.

படி 1: உடலின் அமைப்பு. நடுவில் கோடு போட்டால் இடமும் வலமும் ஒத்துப்போகிறதா? பெரும்பாலான விலங்குகள் அப்படித்தான். சொறிமீனும் கடல் சாமந்தியும் வட்டமாகச் சுற்றி அமைந்தவை, அவை குழியுடலிகள். கடற்பஞ்சுக்குப் பெரும்பாலும் ஒழுங்கான வடிவமே கிடையாது. நட்சத்திர மீனைப் பார்த்து ஏமாறாதீர்கள்: வளர்ந்தபின் ஐந்து பங்காகத் தெரிந்தாலும் அதன் இளம்பருவம் இடவலச் சமச்சீர் உடையது. அது முட்தோலி. இறாலைவிட நமக்குத்தான் நெருங்கிய உறவு.

படி 2: கணு உள்ள கால் உண்டா? பலர் தடுமாறும் இடம் இது. ஓடு இருந்தாலே சிப்பி இனம் என்று எழுதிவிடுவார்கள். பாறையில் சிறு எரிமலை போல ஒட்டியிருக்கும் கொட்டலசை எடுத்துக்கொள்ளுங்கள், மலாயில் தெரித்திப். அது ஒட்டிய சிறு கல்லோடு, எடுத்த இடத்துக் கடல்நீரிலேயே தட்டில் வையுங்கள். பத்து நிமிடம் அசைக்காதீர்கள், நிழலும் விழக்கூடாது. நிழல் பட்டாலே மூடிக்கொள்ளும், குழாய்த் தண்ணீரில் திறக்கவே திறக்காது. அமைதியாக இருந்தால் உச்சித் தகடுகள் விலகி, இறகு போன்ற கால்கள் வெளியே வந்து தண்ணீரை வாரி வாரி உள்ளே இழுக்கும். மொத்தம் ஆறு ஜோடி. வில்லையில் பாருங்கள், ஒவ்வொன்றிலும் கணு கணுவாகத் தெரியும். ஆக, தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு காலால் உண்ணும் இறாலின் உறவினர் இது. 1830இல் இயற்கை ஆய்வாளர் ஜான் வான் தாம்சன் இதன் நீந்தும் இளம்பருவத்தைக் கவனித்துச் சொல்லும்வரை அறிஞர்களும் இதை மெல்லுடலியோடுதான் வைத்திருந்தார்கள். பார்த்து முடித்ததும் கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

ஓடு இருந்து கணுக்கால் இல்லையென்றால் மெல்லுடலியா என்று பாருங்கள். ஓடு வெளியே தெரியவேண்டும் என்றும் இல்லை. சோத்தோங்கைச் சுத்தம் செய்யும்போது உருவி எறிகிற பிளாஸ்டிக் மாதிரியான தகடு, உள்ளே ஒடுங்கிப்போன ஓடுதான்.

படி 3: கணுக்காலிக்குள் பிரிப்பு. உணர்கொம்பை எண்ணுங்கள். பூச்சிக்கு ஒரு ஜோடி, இறாலுக்கும் நண்டுக்கும் இரண்டு ஜோடி, சிலந்திக்கு இல்லை. இறாலில் குட்டையான ஜோடி இரண்டாகப் பிளந்திருப்பதால் மூன்று ஜோடி போலத் தோன்றும், அடியில் பிடித்து எண்ணுங்கள். பெலங்காஸை (குதிரைலாட நண்டு எனப்படுவது) நண்டு என்று எழுதுவோர் அதைப் புரட்டிப் பார்க்கட்டும். உணர்கொம்பே கிடையாது, வாய்க்கு முன்னால் ஒரு ஜோடிச் சிறு இடுக்கிகள் இருக்கும். சிலந்தி, தேள் பக்கத்து உறவு அது. வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், காயப்படும்.

படி 4: புழுக்கள். வளையம் வளையமாக இருந்தால் வளைதசைப்புழு, தட்டையானால் தட்டைப்புழு, வழுவழுப்பாய் இருமுனையும் கூர்த்தால் உருளைப்புழு. கம்பளிப்பூச்சி இவற்றில் சேராது. தலைக்குப் பின்னால் மூன்று ஜோடி உண்மையான கால்கள் இருக்கும்.

படி 5: முதுகெலும்பிகள், அதாவது முதுகுநாணிகளில் பெரும்பகுதி. தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். திருக்கையில் இருப்பது குருத்தெலும்பு, ஆனாலும் அது முதுகெலும்பிதான். அழுங்கின் செதிலைப் பார்த்து ஊர்வன என்று எழுதாதீர்கள், அது குட்டிக்குப் பால் கொடுக்கும். சேற்றில் துள்ளும் பெலாச்சாக் மீன்தான், செவுளும் துடுப்பும் பாருங்கள்.

பின்சேர்க்கை: ‘முதுகெலும்பற்றவை’ ஒரு தொகுதியா என்று பலர் கேட்டார்கள். இல்லை, மீதியை எல்லாம் போட்ட பை அது. ‘ஊர்வன’விலும் இதே சிக்கல்: முதலைக்குப் பல்லியைவிடப் பறவையே நெருங்கிய சொந்தம். பள்ளித் தேர்வில் முதுகெலும்பிகளுக்குப் பாடநூலின் ஐந்து பிரிவையே (மீன், இருவாழ்வி, ஊர்வன, பறவை, பாலூட்டி) எழுதுங்கள், உறவு மரம் வரையும்போது பறவையை முதலைக்குப் பக்கத்துக் கிளையில் வையுங்கள்.