ஸ்னோபோர்டிங் கேம் குழந்தைக்கு ஏற்றதா? பெற்றோர் தவறவிடும் இடங்கள்

வெள்ளைப் பனி, நீல வானம், பலகை மேல் நின்று சறுக்கிக்கொண்டே போகும் ஒரு பொம்மை மனிதன். துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை. இதில் என்ன கெட்டுப்போய்விடும் என்று கைப்பேசியைக் குழந்தையிடம் நீட்டிவிடுகிறோம். ஸ்னோபோர்டிங் விளையாட்டுகளில் பெரும்பாலானவை குழந்தைகள் ஆடக்கூடியவைதான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மலைச்சரிவை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் முதல் தவறு. சரிவில் வம்பு ஏதும் இருக்காது. சரிவுக்கு முன்னும் பின்னும் வரும் திரைகளில்தான் இருக்கும்.

"நானும் சின்ன வயதில் ஆடியதுதானே" என்பது அடுத்தது. 1998-இல் நின்டெண்டோ 64 என்ற வீட்டு விளையாட்டுக் கருவிக்கு வந்த '1080° ஸ்னோபோர்டிங்', கருவியில் செருகும் ஒரு கேட்ரிட்ஜுக்குள் அடங்கிவிட்ட விளையாட்டு. ஒரு முறை காசு கொடுத்தால் போதும். அதற்குள் கடையும் கிடையாது, முகம் தெரியாத ஆட்களும் கிடையாது. 2021-இல் வந்த 'ரைடர்ஸ் ரிபப்ளிக்' வேறு ரகம். இணைய இணைப்பு இல்லாமல் ஆட முடியாது; அப்போதைய புதிய தலைமுறை விளையாட்டுக் கருவிகளில் ஒரே போட்டியில் 64 பேர் வரை கலந்துகொள்ளலாம்; உள்ளேயே ஒரு கடையும் உண்டு. இரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கிறது 2015-இன் 'ஆல்ட்டோஸ் அட்வென்ச்சர்'. தப்பித்து ஓடும் லாமா என்ற மலை விலங்குகளைப் பிடித்தபடி ஒற்றை விரலால் சறுக்கலாம், யாருடனும் பேச வேண்டியதில்லை. மூன்றிலும் பனி ஒன்றுதான் என்பதற்காக மூன்றுக்கும் ஒரே பதில் சொல்லிவிட முடியாது.

எந்த வயதுக்கு ஏற்றது என்று விளையாட்டின் மேல் போடும் வயது முத்திரையைப் படிப்பதிலும் குழப்பம் இருக்கிறது. ஐரோப்பாவின் பெகி (PEGI) அமைப்பு 3, 7, 12, 16, 18 என்ற எண்களைத் தருகிறது. அமெரிக்காவின் இ.எஸ்.ஆர்.பி. (ESRB) எல்லோருக்கும் 'இ' (E), பத்து வயதுக்கு மேல் 'இ 10+' (E10+), பதின்மூன்று வயதுக்கு மேல் 'டி' (T) என்று எழுத்துகளில் சொல்கிறது. இவை உள்ளடக்கத்தைப் பற்றிய முத்திரைகள். கடினம் எவ்வளவு என்று சொல்பவை அல்ல. 3 என்ற முத்திரை உள்ள விளையாட்டிலும் காற்றில் சுழன்று சரியாகத் தரையிறங்க முடியாமல் எட்டு வயதுப் பிள்ளை எரிச்சலில் அழலாம். அது முத்திரையின் பிழையல்ல. எண்ணைப் பார்த்ததோடு நின்றுவிடாமல் பக்கத்தில் இருக்கும் சிறு குறிப்பையும் பாருங்கள். விளையாட்டுக்குள் பணம் செலவழிக்க வழி உண்டு என்ற குறிப்பை இரு அமைப்புகளும் 2018 முதல் தருகின்றன. அதிர்ஷ்டப் பெட்டி போல, என்ன கிடைக்கும் என்று தெரியாமலே வாங்கும் பொருள்கள் இருந்தால் அதை இ.எஸ்.ஆர்.பி. 2020 முதல் தனியாகவே சொல்கிறது. என் பார்வையில் சறுக்கு விளையாட்டைப் பொறுத்தவரை வயது எண்ணைவிட இந்தக் குறிப்புதான் முக்கியம்.

பணத்தின் கதை பழையது. பிள்ளைகள் கைப்பேசி விளையாட்டுகளில் பெற்றோரின் அனுமதியின்றிச் செய்த செலவுக்காக, 2014-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. கடவுச்சொல்லை ஒரு முறை போட்டால் அடுத்த 15 நிமிடங்களுக்கு மறுபடி கேட்காது என்பது அந்த வழக்கில் பெரிதாகப் பேசப்பட்டது. பெரியவர் எதையோ வாங்கக் கடவுச்சொல்லைப் போடுவார், கருவி பிள்ளை கைக்குப் போகும், பிள்ளை பளபளக்கும் புதுப் பலகையைத் தொடும். எனவே ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். விளையாட்டுக்குள் விற்கும் நாணயத்துக்கும் ரத்தினத்துக்கும் போவது உண்மைப் பணம் என்று பிள்ளைக்குத் தெரியாது. வாய்விட்டுச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இலவச விளையாட்டு என்றால் செலவே இல்லை என்று நினைப்பதும் தவறு. விழுந்தவுடன் "விளம்பரம் பார்த்தால் தொடரலாம்" என்று வரும். விளையாட்டு பிள்ளைக்கு ஏற்றதாக இருந்தும், அந்த விளம்பரம் ஏற்றதாக இல்லாமல் போகலாம். தனியாக ஆடும் விளையாட்டு என்றால் இணையத்தை அணைத்துவிட்டுக் கொடுத்துப் பாருங்கள். பல நேரங்களில் விளம்பரமும் நின்றுவிடும், கடையும் திறக்காது.

கணக்குத் தொடங்கும்போது வயதைக் கூட்டிப் போடுவதுதான் நாம் செய்வதிலேயே மோசமானது. ஏதோ ஒரு அம்சம் திறக்கவில்லை என்பதற்காகப் பத்து வயதுப் பிள்ளையை இருபது வயதாக்கிவிடுகிறோம். சிறுவர் கணக்குக்குத் தானாகக் கிடைக்கும் காப்புகள், அதாவது குரல் உரையாடல் கட்டுப்பாடு, நண்பர் அழைப்புக்கு ஒப்புதல், வாங்குவதற்குத் தடை எல்லாம் அந்த ஒரு பொய்யில் போய்விடுகின்றன. இணையத்தில் முன்பின் தெரியாதவர்கள் பேசுவதை எந்த வயது முத்திரையும் முன்கூட்டி அளந்து சொல்ல முடியாது. ஆகவே உண்மையான வயதையே போடுங்கள். சொந்தப் பெயரையும் பள்ளிப் பெயரையும் பயனர் பெயரில் சேர்க்காதீர்கள்.

நேரத்தைப் பற்றிய சண்டை எல்லா வீட்டிலும் உண்டு, அதை நீட்டப் போவதில்லை. ஒன்று மட்டும்: பந்தய வகை விளையாட்டில் ஒவ்வொரு தடத்துக்கும் முடிவுக்கோடு இருக்கிறது. முடிவில்லாமல் ஓடும் வகையில் விழுந்தால்தான் முடிவு. நன்றாக ஆடும் பிள்ளையிடம் "இந்த ஆட்டத்தோடு நிறுத்து" என்றால் அது எப்போது முடியும் என்று அவனுக்கே தெரியாது. முடிவில்லாமல் ஓடும் வகைக்குக் கடிகாரத்தை வையுங்கள், பந்தய வகைக்குத் தடங்களை எண்ணுங்கள்.

திரையில் விழுபவன் பனியைத் தட்டிவிட்டு உடனே எழுந்துவிடுவதைப் பார்த்து, பிள்ளை சோபாவிலிருந்து குதிப்பானோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. குதிப்பவன் இந்த விளையாட்டு இல்லாவிட்டாலும் குதிப்பான். நிஜப் பலகையில் ஏறுகிறவர்கள் தலைக்கவசம் போடுகிறார்கள் என்பதைச் சொல்லி வைத்தால் போதும். நான் அதைவிட அதிகம் கவனிப்பது தலைச்சுற்றலை. காட்சி வேகமாகச் சுழலும்போது சில பிள்ளைகளுக்கு வாகனப் பயணத்தில் வருவது போலவே குமட்டல் வரும். அதை வெளியே சொல்லாமல் ஆடிக்கொண்டே இருப்பார்கள். மின்னும் ஒளியால் வலிப்பு வரும் தன்மை உள்ள பிள்ளை என்றால், தொடக்கத்தில் வரும் எச்சரிக்கையைத் தாண்டிப் போகாமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

முன்னோட்ட வீடியோவைப் பார்த்துத் தீர்மானிப்பதும் எனக்கு ஒப்பாது. அதில் மலை மட்டும்தான் தெரியும், கடைத் திரையை யாரும் அதில் காட்டுவதில்லை. பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் நீங்களே ஆடுங்கள். நன்றாக ஆட வேண்டாம், மோசமாக ஆடுங்கள். மூன்றாவது முறை விழுந்தபின் திரை என்ன கேட்கிறது என்று பாருங்கள்: "மறுபடி முயல்க" என்றா, "வாங்குக" என்றா.