கைமணியில் சேஞ்ச் ரிங்கிங்: மூவராகப் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் தேவாலயக் கோபுரங்களில் 17-ஆம் நூற்றாண்டில் வளர்ந்த சேஞ்ச் ரிங்கிங்கில் மெட்டு என்று எதுவும் கிடையாது. மணிகள் ஒலிக்கும் வரிசை ஒவ்வொரு சுற்றிலும் மாறும். ஒரு மணி அடுத்த சுற்றில் ஓரிடம் முன்னேயோ பின்னேயோ நகரலாம், இல்லாவிட்டால் இருந்த இடத்திலேயே நிற்கலாம், அவ்வளவுதான் அனுமதி. கைமணியில் இதைச் செய்யும்போது ஆளுக்கு இரண்டு மணி, கைக்கு ஒன்று. ஆறு மணிகளுக்கு மூன்று பேர் போதும், வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து அடிக்கலாம். 1940 ஜூனில், எதிரிப்படை இறங்கினால் எச்சரிப்பதற்கு மட்டுமே தேவாலய மணிகள் என்று பிரிட்டனில் தடை வந்தது. 1943 வரை பலர் தங்கள் பழக்கத்தை விடாமல் காத்துக்கொண்டது கைமணியில்தான்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றே: வலக்கை மணிக்கு ஒரு கணக்கு, இடக்கை மணிக்கு இன்னொரு கணக்கு என்று மனதுக்குள் இரண்டு எண்ணிக்கையை ஓட்டப் பார்க்கிறார்கள். மெதுவாக அடிக்கும்வரை இது ஓடும். வேகம் கூடியதும் ஒரு கணக்கு அறுந்து, மற்றதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். மனதில் ஏற்ற வேண்டியது இரண்டு மணியும் சேர்ந்து போடும் கோலத்தை. எல்லாவற்றுக்கும் அடிப்படை பிளெயின் ஹன்ட்: ஒவ்வொரு மணியும் ஓரிடம் ஓரிடமாக ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போய்த் திரும்பும். அதன் முதல் பாதியைப் பாருங்கள், ஒரு வரி ஒரு சுற்று:

123456
214365
241635
426153
462513
645231
654321

இதில் 3, 4 மணிகளை மட்டும் விரலால் தொடர்ந்து பாருங்கள். முதலில் 3, 4-ஆம் இடங்களில் அடுத்தடுத்து இருக்கின்றன. அடுத்த சுற்றில் அங்கேயே இடம் மாற்றிக்கொள்கின்றன. பிறகு 2-உம் 5-உம், அதன்பின் 1-உம் 6-உம். ஓரங்களில் இரண்டு அடி நின்றுவிட்டு, வந்த வழியே நடுவுக்குத் திரும்புகின்றன. எந்த வரியை எடுத்தாலும் அவை நிற்கும் இடங்களின் கூட்டுத்தொகை 7. இதைப் பிடித்தவருக்கு இரண்டு கணக்கு எதற்கு? ஒரு கை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் மறு கை எங்கே என்பதும் தெரிந்துவிடும்.

5, 6 ஜோடியின் கோலம் வேறு. ஒன்று முன்னே போக, மற்றது நடுவில் ஒரு மணி இடைவிட்டுப் பின்தொடரும். வரிசையின் இரு ஓரங்களில் மட்டும் அடுத்தடுத்து வந்து ஒன்றையொன்று கடக்கும். இதற்குக் கோர்ஸிங் என்று பெயர். இருப்பதில் எளிதான ஜோடி இதுதான். எளிது என்பதாலேயே குழுக்கள் பெரிய தவறு ஒன்றைச் செய்கின்றன: தயங்குகிறவரிடம் 5, 6-ஐக் கொடுத்து, மாதக்கணக்கில் அவரை அதிலேயே உட்கார வைத்துவிடுகின்றன. ஆறு மணிகளுக்கான எளிய மெத்தட் (வரிசைகள் மாறும் முறை) பிளெயின் பாப் மைனர். அதன் ஒரு முழுக் கோர்ஸில், அதாவது தொடங்கிய வரிசைக்கே திரும்பும்வரை, ஐந்து லீடுகள் (முதல் மணி ஒருமுறை கடைசிவரை போய்த் திரும்பும் பகுதிகள்), 60 மாற்றங்கள். 5, 6-ஐப் பிடித்தவருக்கு அதில் நான்கு லீடுகளில் அதே பழகிய கோர்ஸிங் கிடைக்கும். ஒன்றில் மட்டும் முதல் மணி நடுவே புகுந்து ஜோடியைப் பிரிக்கும். 3, 4-ஐப் பிடித்தவருக்கோ லீடுக்கு லீடு உறவு மாறலாம். ஆகவே ஒவ்வொரு சந்திப்பிலும் ஜோடிகளை மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று ஜோடியிலும் உட்கார்ந்தவருக்குத்தான் மற்ற இருவரும் என்ன பாடுபடுகிறார்கள் என்பது காதால் தெரியும்.

தாளத்துக்கு வருவோம். கைமணியை ஒரு சுற்றில் மேல்நோக்கி அடிக்கிறோம், அடுத்த சுற்றில் கீழ்நோக்கி. கீழடி முடிந்து அடுத்த மேலடி தொடங்குமுன் ஒரு மணி ஒலிக்கும் அளவுக்கு இடைவெளி விடுவது பரவலான வழக்கம். அவசரத்தில் அதை விழுங்கிவிடுகிறார்கள். அந்தச் சின்ன மௌனம்தான் மூவருக்கும் சுற்று எங்கே தொடங்குகிறது என்று சொல்வது. அது போனால் இடம் தெரிந்தவருக்கே இடம் குழம்பும். இடம் சந்தேகமானால் கையை நிறுத்தி யோசிப்பதும் அதே வகைக் கெடுதல்தான். தப்பான இடத்தில் நேரத்துக்கு விழுந்த அடியைச் சரிசெய்யலாம். தாமதமாக விழுந்த அடி மற்ற நான்கு மணிகளையும் தள்ளிவிடும்.

மடியில் தாள் வைத்து அடிக்காதீர்கள். மணி போகும் வழியைக் கோடாக வரைந்து பாருங்கள், பேருந்தில் போகும்போது மனதுக்குள் ஓட்டுங்கள், ஆனால் மணியைத் தொட்டபின் தாள் வேண்டாம். கண் தாளில் இருந்தால் எதிரே இருப்பவரின் கை எப்போது எழுகிறது என்பதைப் பார்க்க முடியாது.

ஒருவர் வழி தவறினால் மற்ற இருவரும் சேர்ந்து திருத்தக் கிளம்புவதுதான், என் பார்வையில், குழுக்களை உடைக்கிற தவறு. நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் இருவர் குரலும் ஒரே நேரத்தில் காதில் விழும்போது, தவறியவரோடு திருத்துகிறவரும் தன் இடத்தை இழக்கிறார். வரிசையின் போக்கை மாற்ற ‘பாப்’, ‘சிங்கிள்’ என்று குரல் கொடுப்பவர் எவரோ அவர் ஒருவரே பேசட்டும்; அதுவும் ‘வலக்கை ஐந்தாமிடம்’ என்பதுபோல இடத்தை மட்டும் சொல்லட்டும். எங்கே தப்பியது என்ற விசாரணையை முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். இரண்டு மணிகள் வழி மாறிப் போனது தெரிந்தும், கடைசியில் எப்படியாவது 123456 வந்துவிட்டது என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். அது அந்த மெத்தட் ஆகாது. நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

ஆறு மணி கைவருமுன் நான்காவது ஆளைத் தேடி எட்டு மணிகளுக்குப் பாய்வதும் அடிக்கடி நடக்கிறது. ஆறு மணியில் 720 வெவ்வேறு வரிசைகள் உண்டு. பாப், சிங்கிள் சேர்த்து அத்தனையையும் ஒன்றுகூடத் திரும்பாமல் அடிப்பதே பெரிய வேலை. கேம்பிரிட்ஜ்ஷயரின் வில்லிங்காமில் 2007-இல் மூன்று பேர் ஆறே மணிகளில் 72,000 மாற்றங்களை, 24 மணி நேரத்துக்கும் மேலாக நிற்காமல் அடித்தார்கள்.

ஒருவர் வரவில்லை என்று அன்றைய சந்திப்பை ரத்து செய்யவும் வேண்டாம். இருவர் இருந்தால் நான்கு மணி உண்டு. பிளெயின் பாப்பின் நான்கு மணி வடிவமான பிளெயின் பாப் மினிமஸின் ஒரு கோர்ஸ் 24 மாற்றங்கள். நான்கு மணியில் அமையக்கூடிய எல்லா வரிசைகளும் அதற்குள் வந்துவிடும். ஜோடிகளை மாற்றி மாற்றி அதையே அடியுங்கள். அடுத்த முறை மூன்றாமவர் வரும்போது உங்கள் இருவரின் தாளமும் அவருக்குத் துணையாக இருக்கும்.