மரியன்பாத் திரைக்கதையைத் தொலைந்துபோகாமல் வாசிப்பது எப்படி?

அலென் ராப்-கிரியே எழுதி, அலென் ரெனே இயக்கிய 'லாஸ்ட் இயர் அட் மரியன்பாத்' படத்தின் திரைக்கதை தனிப் புத்தகமாகவே இருக்கிறது. பிரெஞ்சில் 1961-இல் மினுயி பதிப்பகம் வெளியிட்டது. ரிச்சர்ட் ஹோவர்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1962-இல் குரோவ் பிரஸ் வெளியீடாக வந்தது. நான் வாசித்தது ஆங்கிலப் பிரதி. இரண்டு முறை பாதியில் மூடிவைத்தேன், மூன்றாவது முறைதான் கடைசிப் பக்கம் வரை போக முடிந்தது. முடித்த கையோடு மறுபடி முதல் பக்கத்தைத் திறந்துவிட்டேன், அந்த அளவுக்குப் பிடித்துப்போனது. முதல் இரண்டு முறையும் எங்கே வழுக்கினேன் என்பது இப்போது நன்றாகத் தெரிகிறது. புதிதாக எடுப்பவர்களுக்கு அது உதவும்.

கதை ரொம்பச் சின்னது. அலங்காரம் நிறைந்த பெரிய பழைய ஹோட்டல். அங்கே தங்கியிருக்கும் ஒருத்தியிடம் ஒருவன் வந்து சொல்கிறான்: போன வருடம் நாம் சந்தித்தோம், காதலித்தோம், என்னோடு வந்துவிடுவதாகச் சொன்னீர்கள், ஒரு வருடம் தவணை கேட்டீர்கள், இதோ வந்துவிட்டேன். அவளுக்கு எதுவும் நினைவில்லை. அவளோடு இன்னொருவரும் இருக்கிறார், கணவராக இருக்கலாம்.

படி 1: கையில் என்ன வேண்டும்

பென்சில் ஒன்று, கோடு போடாத நோட்டு ஒன்று, 16 தீக்குச்சிகள். தீக்குச்சி எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். ஹைலைட்டர் வேண்டாம். இந்தப் புத்தகத்தில் முதல் வாசிப்பில் முக்கியமாகத் தெரியும் வரி, இரண்டாவது வாசிப்பில் இடம் மாறிவிடும், மஞ்சள் கோட்டை அழிக்க முடியாது. போனில் வாசிப்பதையும் நான் சொல்லமாட்டேன். ஒரே வாக்கியம் பத்துப் பக்கம் தள்ளி லேசாக மாறித் திரும்ப வரும். அப்போது விரலை இடையில் வைத்துக்கொண்டு பின்னால் புரட்டிப் பார்க்க வேண்டும், அதற்குக் காகிதம்தான் சரி.

படி 2: முன்னுரையைத் தாண்டிப் போகாதீர்கள்

பொதுவாக நான் முன்னுரையைக் கடைசியில் வாசிக்கிறவன். இங்கே அப்படிச் செய்ததுதான் முதல் தப்பு. ராப்-கிரியே அதில் இரண்டு வகைப் பார்வையாளர்களைப் பற்றிச் சொல்கிறார். ஒருவர் எல்லாவற்றையும் நேர்கோட்டில், காரண காரியத்தோடு அடுக்கப் பார்ப்பவர். அவருக்கு இந்தப் படம் கடினமாக இருக்கும், புரியாமலும் போகலாம். இன்னொருவர் எதிரில் வரும் பிம்பங்களோடும் குரல்களோடும் போகிறவர். அவருக்கு இதைவிட எளிய படம் கிடையாது. இதை வாசிக்காமல் உள்ளே போன நான், நோட்டில் 'போன வருடம்', 'இந்த வருடம்', 'கற்பனை' என்று மூன்று பத்தி போட்டு ஒவ்வொரு காட்சியையும் எழுதிக்கொண்டே வந்தேன். நாற்பது பக்கத்துக்குள் மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அந்த வாரமே புத்தகம் அலமாரிக்குப் போனது.

முன்னுரையில் இன்னொரு கருத்தும் இருக்கிறது: திரையில் தெரியும் பிம்பத்துக்கு நிகழ்காலம் மட்டும்தான் உண்டு. நினைவோ கனவோ பொய்யோ, திரையில் வரும்போது அது 'இப்போது' நடப்பதாகவே தெரியும். அதனால்தான் திரைக்கதை முழுவதும் நிகழ்காலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கதைச் சுருக்கம் எழுதி இயக்குநரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை ராப்-கிரியே. காமிரா எங்கே நிற்கிறது, எப்படி நகர்கிறது, எந்த ஒலி கேட்கிறது என்று ஷாட் ஷாட்டாக அவரே எழுதியிருக்கிறார். எனவே வர்ணனைப் பத்திகளைத் தாண்டிவிட்டு வசனத்துக்கு ஓடாதீர்கள், கதை அந்தப் பத்திகளில்தான் நடக்கிறது.

படி 3: பெயர்கள்

பெயர்களே இல்லை. அவள் ஏ, வந்தவன் எக்ஸ், கணவர் போன்றவர் எம். இந்த எழுத்துகள் திரைக்கதையின் வசதிக்காக வைத்தவை, படத்தில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. எழுத்துகளுக்குள் ரகசியம் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ஆனால் வேறொன்றைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் எல்லாமே 'யூ'. நான் அதை மனசுக்குள் 'நீ' என்று வாசித்துவிட்டேன், எக்ஸ் ஒரு அடாவடிக் காதலனாகத் தெரிந்தான். பிறகு பிரெஞ்சு வசனத்தைக் கேட்டபோதுதான் தெரிந்தது, அவன் அவளை 'வு' என்கிறான், அதாவது 'நீங்கள்'. "நீங்கள் அந்தக் கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தீர்கள்" என்று மரியாதை கலையாமல், அதே சமயம் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறான். தமிழில் நினைக்கும் நமக்கு இது பெரிய வித்தியாசம். முதல் பக்கத்திலிருந்தே 'நீங்கள்' என்று வாசியுங்கள். அவன் பேச்சில் இருக்கும் பணிவும் அழுத்தமும் சேர்ந்தே காதில் விழும்.

படி 4: குரலையும் பிம்பத்தையும் பிரித்து வாசியுங்கள்

நான் இரண்டாவது முறையும் மாட்டிக்கொண்ட இடம் இது. மற்ற படிகளை விட்டாலும் இதை விடாதீர்கள்.

எக்ஸ் எதிரில் நின்று பேசும் வசனம் வேறு, ஆள் தெரியாமல் 'எக்ஸின் குரல்' என்று மட்டும் வருவது வேறு. நான் இரண்டையும் ஒன்றாக வாசித்தேன். குரல் சொல்வதைத்தான் பிம்பம் காட்டுகிறது என்று நம்பினேன், வழக்கமான ஃப்ளாஷ்பேக் போல. இங்கே அப்படி இல்லை. குரல் ஒன்று சொல்லும், பிம்பம் கொஞ்சம் தாமதிக்கும், சில நேரம் கீழ்ப்படியும், சில நேரம் முரண்டு பிடிக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். நோட்டின் பக்கத்தை நடுவில் மடியுங்கள். இடது பக்கம் குரல் சொல்வது, வலது பக்கம் காமிரா பார்ப்பது. 'உண்மை', 'பொய்' என்று எதையும் எழுதாதீர்கள். இரண்டும் பொருந்தாத இடத்தில் மட்டும் ஒரு புள்ளி வையுங்கள்.

பார் காட்சியில் இதைத் தொடங்கலாம். எக்ஸ் பேசிக்கொண்டிருக்கும்போது, இருட்டான பாருக்கு நடுவே வெளிச்சமான ஒரு படுக்கையறை மின்னி மறைகிறது. மின்னல் ஒவ்வொரு முறையும் நீள்கிறது. ஏ பின்வாங்குகிறாள், கண்ணாடி டம்ளர் விழுந்து உடைகிறது. அந்த அறை அவளுடைய நினைவா, அவன் பேச்சு அவளுக்குள் கட்டிக்கொண்டிருக்கும் அறையா? என் நோட்டில் அங்கே நாலு புள்ளி இருக்கிறது. அப்புறம் அதே அறையைப் பற்றிய பேச்சில், கணப்படுப்புக்கு மேலே இருந்தது கண்ணாடியா, பனிக்காட்சி ஓவியமா என்பதில்கூட இருவரும் ஒத்துப்போவதில்லை.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கிய இடம் பின்பகுதியில் வருகிறது. எம் துப்பாக்கியால் ஏவைச் சுடுகிறார், அவள் விழுந்து கிடக்கிறாள். உடனே எக்ஸின் குரல் மறுக்கிறது: இல்லை, இந்த முடிவு சரியில்லை, எனக்கு நீங்கள் உயிரோடு வேண்டும். கதை சொல்கிறவனே தன் கதை கைமீறிப் போவதைக் கண்டு பதறுகிறான்! அந்த வரியை வாசித்தபோதுதான் மொத்தப் புத்தகமும் எனக்குத் திறந்தது. ராப்-கிரியே முன்னுரையில் இதை ஒரு இணங்கவைத்தலின் கதை என்கிறார். போன வருடம் நடந்ததா இல்லையா என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு குரல் பேசிப் பேசியே ஒரு கடந்தகாலத்தை உண்டாக்குவது என் கண்ணெதிரிலேயே நடந்துகொண்டிருந்தது.

படி 5: குறியீடுகள்

தோட்டத்தில் ஒரு சிலை இருக்கிறது: ஆண், பெண், ஒரு நாய். முன்னால் ஏதோ ஆபத்து இருப்பதால் ஆண் அவளைத் தடுக்கிறான் என்று ஒரு விளக்கம். அவள்தான் எதையோ அற்புதமாகக் கண்டு அவனுக்குக் காட்டுகிறாள் என்று இன்னொரு விளக்கம். பிறகு எம் வந்து, அது மூன்றாம் சார்லஸ், தேசத்துரோக விசாரணையின்போது சத்தியம் செய்யும் காட்சி என்று வரலாறு சொல்கிறார். சரியான விடை கிடைத்துவிட்டது, ஆனால் சிலை செத்துவிட்டது போல எனக்கு இருந்தது. குறியீட்டுக்கு அர்த்தம் தேடும்போதெல்லாம் எம்மின் விளக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தீக்குச்சிகளை எடுங்கள். 7, 5, 3, 1 என்று நான்கு வரிசை. ஒரு முறைக்கு ஒரே வரிசையிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், கடைசிக் குச்சியை எடுப்பவர் தோற்றவர். திரைக்கதையில் எம் இதை ஆடுகிறார், "நான் தோற்கலாம், ஆனால் எப்போதும் ஜெயிக்கிறேன்" என்கிறார். வீட்டில் யாருடனாவது ஆடிப் பாருங்கள். இந்த அடுக்கில் இரண்டாவதாக ஆடுபவர் தப்பில்லாமல் ஆடினால் முதலில் ஆடுபவர் ஜெயிக்க வழியே இல்லை, கணக்கு அப்படி. நான் என் தங்கையிடம் ஏழு முறை தொடர்ந்து தோற்றேன். ஒவ்வொரு முறையும் இந்தத் தடவை தப்பித்துவிடலாம் என்றே தோன்றியது. அந்த ஹோட்டலில் இருப்பது எப்படிப்பட்டது என்பதை எந்தக் கட்டுரையும் எனக்கு இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை.

படி 6: படம்

புத்தகத்தை முடித்த பிறகு பாருங்கள், 94 நிமிடம். மரியன்பாத் என்பது இன்றைய செக் நாட்டில் உள்ள ஊர். ஆனால் படத்தில் ஹோட்டலாகத் தெரியும் அரண்மனையும் தோட்டமும் மியூனிக்கின் நிம்ஃபென்பர்க், அதன் பக்கத்து ஷ்லைஸ்ஹைம் ஆகியவை. சில பேர் சுற்றுலாத் தளங்களில் மரியன்பாத்தின் படங்களைப் பார்த்துவிட்டு, எந்த இடமும் ஒத்துவரவில்லையே என்று கேட்டிருந்தார்கள். கதைக்குள்ளேயே எக்ஸுக்கு ஊர் நிச்சயமில்லை. கார்ல்ஸ்டாட், மரியன்பாத், பாடன்-சால்சா, இல்லை இதே கூடத்தில்கூட இருக்கலாம் என்கிறான்.

பின்சேர்க்கை

இதை வாசித்த ஒரு தோழி, பின்பகுதியில் ஒரு இடத்தைப் படித்ததும் புத்தகத்தை வைத்துவிட்டதாக எழுதியிருந்தார். முதலிலேயே நான் எச்சரித்திருக்க வேண்டும், மன்னிக்கவும். திரைக்கதையில் ஒரு வன்புணர்வுக் காட்சி எழுதப்பட்டிருக்கிறது. ரெனே அதை எடுக்கவில்லை. அதற்குப் பதிலாகப் படத்தில் காமிரா கண்கூசும் வெளிச்சத்தில் ஏவை நோக்கித் திரும்பத் திரும்ப விரைகிறது, அவள் கைகளை விரித்து வரவேற்கிறாள். இரண்டு பேருமே ஒத்த மனதோடு வேலை செய்தவர்கள்தான், ஆனால் இந்த ஒரு இடத்தில் இரண்டு வேறு கதைகள் இருக்கின்றன. என் சாய்வு ரெனே பக்கம். எழுதியிருக்கும் விதத்தில் வாசித்தால், அத்தனை பக்கம் 'நீங்கள்' என்று பேசிய குரலை அதன் பிறகு நம்ப முடியவில்லை. அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனாலும் மற்றது புரியும். தாண்டாமல் வாசிப்பவர்கள் நோட்டின் இரண்டு பக்கத்தையும் நிரப்பிவிட்டு நகருங்கள், குரல் அங்கே என்ன செய்கிறது என்பது முக்கியம்.

இன்னொருவர், முடிவில் அவள் அவனோடு போவது சந்தோஷமான முடிவா என்று கேட்டிருந்தார். கடைசிப் பக்கத்தை எடுங்கள். வழி தப்பவே முடியாதபடி நேர்கோடுகளால் ஆன தோட்டம், அதற்குள் அவள் தொலைந்துகொண்டிருக்கிறாள், அமைதியான இரவில், அவனோடு தனியாக, என்றென்றைக்குமாக. அதை வாசித்த உடனே தொடக்கத்தில் ஹோட்டல் மேடையில் நடக்கும் நாடகத்துக்குத் திரும்புங்கள். அங்கே ஒரு நடிகை கடிகாரம் அடிக்கக் காத்திருந்து, "இனி நான் உங்களுடையவள்" என்கிறாள். இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்து, வாய்விட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.