தென்னாப்பிரிக்காவில் இருந்தபடி படிவம் 6ஏ: பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியதும், ஜோகன்னஸ்பர்க்கில் எங்கள் நண்பர்கள் வட்டத்தில் வேறு பேச்சே இல்லை. டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தது. சுமார் 97 லட்சம் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. அதில் என் பெயரும் ஒன்று. அப்பாவுக்கு வந்த கோபம் எனக்கு வரவில்லை. ஏழு ஆண்டுகளாக இங்கே ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய மிட்ராண்டில் குடியிருக்கிறவன் கும்பகோணத்தில் "வழக்கமாக வசிப்பவன்" என்று எப்படிச் சொல்ல முடியும்?

நம்மைப் போல வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் வாக்காளராகப் பதிவு செய்யச் சட்டத்தில் தனி வாசல் இருக்கிறது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 20ஏ பிரிவு 2011 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் கீழ் நிரப்ப வேண்டியது படிவம் 6ஏ. கட்டணம் கிடையாது. ஊரில் இருப்பவர்களுக்கான படிவம் 6-ஐ நாம் தொடக்கூடாது.

முதல் படி: நீங்கள் இன்னும் இந்தியக் குடிமகன்தானா?

கேள்வி வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் தென்னாப்பிரிக்கக் குடியுரிமையை விரும்பிப் பெற்ற அந்த நாளே இந்தியக் குடியுரிமை போய்விடும். பழைய நீல பாஸ்போர்ட் அலமாரியில் பத்திரமாக இருந்தாலும் பயனில்லை. இங்கே நிரந்தரக் குடியிருப்பு அனுமதி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் தென்னாப்பிரிக்க அடையாள எண்ணை எடுத்துப் பாருங்கள். பதின்மூன்று இலக்கங்களில் பதினோராவது 0 என்றால் இந்நாட்டுக் குடிமகன்; 1 என்றால் நிரந்தரக் குடியிருப்பாளர். எனக்கு 1. அதாவது இங்கே வரி கட்டலாம், வாக்களிக்க முடியாது. எனக்கென்று இருக்கும் ஒரே வாக்கு ஊரில்தான் இருக்கிறது.

லெனேசியாவில் எங்களுக்குப் பழக்கமான ஓர் அக்கா, கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் ஐந்தாம் தலைமுறை, ஓசிஐ அட்டையை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) காட்டி, "இதை வைத்துத் தமிழ்நாட்டில் ஓட்டுப் போடலாமா, தம்பி?" என்று கேட்டார். முடியாது அக்கா. அந்த அட்டை இந்தியாவுக்கு வந்துபோகவும் தங்கவும் உதவும். அது குடியுரிமை ஆகாது. தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை என்று அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு சொல்கிறது.

இரண்டாம் படி: எந்த முகவரி?

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது. வெளிநாட்டு வாக்காளருக்குக் குடியுரிமைச் சான்றும் முகவரிச் சான்றும் ஒரே பாஸ்போர்ட்தான். அதில் உள்ள இந்திய முகவரி எந்தத் தொகுதியில் வருகிறதோ அங்கேதான் உங்கள் பெயர் சேரும். "மனைவி வீடு கோயம்புத்தூரில், அங்கே போட்டுக்கொள்ளலாமா?" என்றெல்லாம் தேர்ந்தெடுக்க முடியாது.

என் நண்பர் ஒருவர் இங்கேயே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது, நல்ல பிள்ளையாகத் தற்போது குடியிருக்கும் முகவரியைக் கொடுத்துவிட்டார். கடைசிப் பக்கத்தில் ஜோகன்னஸ்பர்க் தெருப் பெயர் அச்சாகி வந்தது. விண்ணப்பம் போட உட்கார்ந்தபோதுதான், தொகுதியைக் காட்டுவதற்குத் தம் கையில் ஒரு வரிகூட இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. அடுத்த முறை புதுப்பிக்கும்போது முகவரிக் கட்டத்தில் கொஞ்சம் நிதானியுங்கள்.

மூன்றாம் படி: நிரப்புவதும் ஏற்றுவதும்

தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் வெளிநாடு வாழ் வாக்காளருக்கான பதிவைத் தேர்ந்தெடுங்கள். வேண்டியவை மூன்றே: அண்மையில் எடுத்த வண்ணப் புகைப்படம், பாஸ்போர்ட்டில் புகைப்படமும் முகவரியும் உள்ள பக்கங்களின் நகல், செல்லுபடியாகும் விசா உள்ள பக்கத்தின் நகல். நகல்களில் நீங்களே கையொப்பமிட வேண்டும். எனக்குப் புதிய பாஸ்போர்ட் வந்தபோது விசா ஒட்டப்பட்ட பக்கம் மூலை வெட்டிய பழைய பாஸ்போர்ட்டிலேயே தங்கிவிட்டது. இரண்டையும் சேர்த்து ஒரே கோப்பாக ஏற்றினேன், ஏற்றுக்கொண்டார்கள். பழைய வாக்காளர் அட்டை வைத்திருந்தால் அதை ஒப்படைத்துவிட வேண்டும். புதிதாக அட்டை தரமாட்டார்கள். தபாலிலும் அனுப்பலாம், நேரிலும் கொடுக்கலாம். நேரில் போனால் அசல் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள்.

நான்காம் படி: வீட்டாருக்கு ஒரு போன்

இதை எந்த வழிகாட்டியிலும் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. விண்ணப்பம் போனதும், வாக்குச்சாவடி நிலை அலுவலர் பாஸ்போர்ட்டில் உள்ள முகவரிக்கு வருவார். வீட்டில் உள்ள உறவினரிடம் நகல்களைக் காட்டி உறுதி கேட்பார். உறவினர் யாரும் இல்லையென்றால் ஆவணங்கள் சரிபார்ப்புக்காக இந்தியத் தூதரகத்துக்குப் போகும், நாள் இழுக்கும்.

எங்கள் வீட்டுக்கு அந்த அலுவலராக வந்தவர் ஓர் ஆசிரியை. ஏற்கெனவே ஒருமுறை பெயர் போன பயத்தில் என் அம்மா, "அவன் இங்கேதான் இருக்கிறான் டீச்சர், வேலைக்குப் போயிருக்கிறான், சாயங்காலம் வந்துவிடுவான்" என்று சொல்லிவிட்டார். காபியும் கொடுத்திருக்கிறார். வெளிநாட்டில் இருக்கிறேன் என்று நான் எழுதியிருக்க, ஊரிலேயே இருக்கிறான் என்று பெற்ற தாயே சொன்னால் அந்த ஆசிரியைதான் என்ன செய்வார்? விண்ணப்பம் மூன்று வாரம் அசையாமல் கிடந்தது. அப்பா நேரில் போய் விளக்கிய பிறகுதான் நகர்ந்தது. ஆகவே விண்ணப்பம் போட்ட அன்றே வீட்டுக்குப் பேசுங்கள். "வெளிநாட்டில் இருக்கிறான்" என்ற உண்மைதான் இங்கே நமக்குச் சாதகம் என்பதைப் புரிய வையுங்கள்.

ஐந்தாம் படி: வாக்களிப்பது

முடிவைக் குறுஞ்செய்தியிலும் தபாலிலும் தெரிவிப்பார்கள். பட்டியலில் உங்கள் பெயரை வீட்டு எண் வரிசையில் தேடாதீர்கள். அந்த வாக்குச்சாவடிக்கான பட்டியலின் கடைசிப் பிரிவில் வெளிநாட்டு வாக்காளர்கள் தனியாக இருப்பார்கள்.

வாக்களிக்க நேரில்தான் போக வேண்டும், அசல் பாஸ்போர்ட்டுடன். நமக்குத் தபால் வாக்கு இல்லை, தூதரகத்தில் வாக்குப் பெட்டியும் இல்லை. 2024 மக்களவைத் தேர்தலில் 1.19 லட்சம் வெளிநாட்டு வாக்காளர்கள் பதிவு செய்திருந்தும் வந்து வாக்களித்தவர்கள் மூவாயிரத்தைத் தொடவில்லை. வந்தவர்களிலும் பெரும்பாலோர் கேரளத்தவர். குடியுரிமையை நிரூபிக்க ஒரு நகல் போதும் என்று வைத்திருக்கிறார்கள். வாக்கைப் போடத்தான் நடுவில் எங்காவது விமானம் மாறி, பத்து நாள் விடுப்பு எடுத்து, ஒரு மாதச் சம்பளத்தைக் கரைக்க வேண்டியிருக்கிறது. இதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் பதிவு செய்துவைத்தேன். தங்கை கல்யாணமோ கோயில் கும்பாபிஷேகமோ தேர்தல் தேதியோடு ஒத்துவந்தால், ஊரில் இறங்கிய பிறகு படிவம் தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது.

ஒன்று விட்டுப்போனது. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண் மாறும். படிவம் 8 மூலம் புதிய எண்ணைப் பட்டியலில் திருத்திக்கொள்ளுங்கள்.