திட்டுகிறவர் அளவு சொல்கிறாரா?

நான் பிளவுஸ் தைக்கிறவள். பதினெட்டு வருடமாகத் தையல், நான்கு வருடமாக அதையே வீடியோவாகவும் போடுகிறேன். வீடியோவில் என் முகம்கூடப் பெரிதாகத் தெரியாது, கையும் கத்தரியும் சாக்பீஸும்தான். இருந்தும் என் நிறம், குரல், திருநெல்வேலிப் பேச்சு, கையில் தங்க வளையல் இல்லாதது, வீட்டுக்காரர் இதையெல்லாம் எப்படி விட்டார் என்பது வரை எல்லாவற்றுக்கும் கமெண்ட் வந்திருக்கிறது. "பாசிட்டிவா இருங்க அக்கா" என்பவர்களும் உண்டு. பாவம், நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அப்படி இருப்பது எப்படி என்று ஒருவரும் சொல்வதில்லை. எனக்குக் கைகொடுத்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வருடம், ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவன் என் அம்மாவை இழுத்து ஒரு வரி போட்டான். விடுவேனா, பதில் போட்டேன். அவன் திரும்பப் போட்டான், நான் திரும்பப் போட்டேன், நடுவில் அவனுக்கு இரண்டு பேர் துணைக்கு வர, மணி இரண்டரை ஆகிவிட்டது. மறுநாள் காலையில் ஒரு கல்யாண வீட்டுப் பட்டுப் பிளவுஸை வெட்ட உட்கார்ந்தேன். பார்டர் வைத்த கை, அதனால் இரண்டு கையையும் தனித்தனியாக வெட்ட வேண்டும், ஒன்றைத் திருப்பிப் போட்டு வெட்ட வேண்டும். தூக்கம் இல்லாத கண்ணோடு, மனசுக்குள் இன்னும் அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, இரண்டையும் ஒரே பக்கமாகப் போட்டு வெட்டிவிட்டேன். இரண்டும் இடது கை. சேலையோடு வந்த பிட், ஒரு விரற்கடை துணி மிச்சமில்லை. வேறு துணி தேடிக் கலர் ஒட்டவைத்துக் கொடுத்த கதையை விடுங்கள். அம்மாவைத் திட்டியவன் அந்நேரம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்திருப்பான்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கமெண்ட் பார்ப்பதில்லை, அன்றைக்கு வந்த திட்டுக்கு அன்றைக்கே பதில் இல்லை. பதில் எழுதாமல் கை அரித்தால் ஒரு நோட்டில் எழுதுங்கள், எவ்வளவு கொச்சையாக வேண்டுமானாலும் எழுதுங்கள், காலையில் கிழித்துப் போடலாம். இது நான் கண்டுபிடித்ததும் இல்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியல்காரர் 1986-லேயே கல்லூரி மாணவர்களை நாளைக்குப் பதினைந்து நிமிடம் என்று நான்கு நாள் தங்கள் மனக்காயத்தை எழுதவைத்துச் சோதித்திருக்கிறார். எழுதிய உடனே அவர்களுக்கு மனசு கனத்ததாம், பலன் அப்புறம்தான் தெரிந்ததாம். எனக்கும் அப்படித்தான், எழுதியதும் அழுகைதான் வரும், மறுநாள்தான் லேசாக இருக்கும்.

சரி, காலையில் என்ன செய்வது? இங்கேதான் என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு வழி இருக்கிறது. பிளவுஸைத் திருப்பிக்கொண்டு வருகிற கஸ்டமர் எவ்வளவு கோபமாக வந்தாலும் "அக்குளில் இறுக்குது", "தோள் வழுக்குது", "அரை இஞ்ச் இறக்கம் போதல" என்று எங்கே சரியில்லை என்பதைச் சொல்லிவிடுவாள். டேப்பை எடுத்துப் பார்த்துப் பிரித்துத் தைக்கலாம். ஆகவே கமெண்டைப் படிக்கும்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று: இதில் அளவு இருக்கிறதா? "மூஞ்சியப் பாரு" என்பதில் அளவு இல்லை. "உனக்கெல்லாம் எதுக்கு சேனல்" என்பதிலும் இல்லை, அதை எந்தப் பக்கம் பிரித்து எந்தப் பக்கம் தைப்பது?

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு, பலர் சறுக்குவது இங்கேதான். மரியாதையாக எழுதினால் விமர்சனம், மரியாதை இல்லாமல் எழுதினால் வெறுப்பு என்று பிரித்துவிடுகிறோம். அது தப்பு. ஒரு முறை ஒருவர், "கட்டிங்கே தெரியாத தற்குறி, முன்பக்கம் கைக்குழியில சுருக்கம் விழுது, கண்ணு தெரியலையா" என்று எழுதியிருந்தார். தற்குறி என்ற சொல்லிலேயே எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது, நீக்கப் போனேன், அப்புறம் சந்தேகம் வந்து அந்தப் பிளவுஸைப் பொம்மையில் மாட்டிப் பார்த்தேன். சுருக்கம் இருந்தது. முன்பக்க வளைவை இன்னும் கால் இஞ்ச் உள்ளே வெட்டியிருக்க வேண்டும். அதே சமயம் "உங்கள் நல்லதுக்குச் சொல்கிறேன் சகோதரி" என்று ஆரம்பித்து நான்கு வரி எழுதி, கடைசியில் குடும்பப் பெண் வீட்டோடு இருக்க வேண்டும் என்று முடிக்கிறவரும் இருக்கிறார். மரியாதை நிறைய, அளவு சுத்தமாக இல்லை.

அளவு இருப்பதை மட்டும் நோட்டில் ஏற்றுகிறேன், வசவை எடுத்துவிட்டு. "முன் கைக்குழி, கால் இஞ்ச்." அவ்வளவுதான். இப்படி எழுதிப் பழகினால் வசவு தனியாக, விஷயம் தனியாகக் கழன்று வருவதைப் பார்க்கலாம். அளவு இல்லாததைப் படித்துத் தாங்கிக்கொள்வதுதான் தைரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படிக்காமலே இருக்க வழி இருக்கிறது. யூடியூப் ஸ்டுடியோ அமைப்புகளில் தடுக்க வேண்டிய சொற்களை எழுதிவைக்க ஓர் இடம் உண்டு, அந்தச் சொல் வரும் கமெண்ட் நீங்கள் பார்த்து அனுமதிக்கும்வரை வெளியே தெரியாமல் நிற்கும். தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் எத்தனை விதமாக எழுதுவார்களோ அத்தனையும் போடுங்கள். அந்தப் பட்டியலை என் அண்ணன் மகள்தான் போட்டுக்கொடுத்தாள், எனக்கே தெரியாத கெட்ட வார்த்தையெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்பது வேறு பஞ்சாயத்து. திரும்பத் திரும்ப வருகிறவனைச் சேனலிலிருந்து மறைத்துவிடலாம், அவனுக்கு அறிவிப்பு போகாது, அவன்பாட்டுக்கு எழுதிக்கொண்டிருப்பான். இன்ஸ்டாகிராமிலும் இதே மாதிரி சொல் தடுக்கலாம், ஆளைக் கட்டுப்படுத்தலாம்.

ஆனால் மிரட்டல், படத்தை வெட்டி ஒட்டிப் பரப்புவது, வீட்டு விலாசத்தைப் போடுவது என்று போனால் அது கமெண்ட் கணக்கே இல்லை. கோபத்தில் உடனே நீக்கிவிடாதீர்கள். கணக்கின் பெயர், தேதி, லிங்க் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொருவருக்கும் அனுப்பிவைத்துவிட்டு, மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலோ காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் போடுங்கள் என்று இன்னும் யோசனை சொல்கிறார்கள், அதை உச்ச நீதிமன்றம் 2015-லேயே ரத்து செய்துவிட்டது. மிரட்டலுக்கும் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதற்கும் இப்போது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. தனியாகப் போகாதீர்கள், கூட யாரையாவது அழைத்துப் போங்கள்.

முகம் தெரியாதவனைவிட வலிப்பது வீட்டு ஆட்கள் சொல்வதுதான். ஒரு வளைகாப்பில் என் சித்தி பத்துப் பேர் நடுவில், "இவளா, இப்ப ஊருக்கே கையக் காட்டிப் பொழைக்கிறா" என்றார். சித்தியைத் தடுக்கும் சொல் பட்டியலில் போட முடியாதே. இதற்கு நான் வைத்திருப்பது முன்கூட்டியே தயாரித்த ஒரே வாக்கியம்: "ஆமா சித்தி, இந்த மாசம் அதுலதான் வாடகை கட்டினேன், நீங்க சாப்பிட்டீங்களா?" சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அங்கேயே நின்றால் இரண்டாவது வாக்கியம் வேண்டியிருக்கும், அது நம்மிடம் இருக்காது.

புனேயில் சாவித்ரிபாய் பூலே 1848-ல் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கி நடந்து போவார், வழியில் சாணியையும் சேற்றையும் வீசுவார்கள், அதனால் பையில் இன்னொரு சேலை வைத்திருப்பார், பள்ளிக்குப் போனதும் மாற்றிக்கொண்டு பாடம் எடுப்பார் என்பார்கள். எல்லாரும் இதில் அவருடைய தைரியத்தைப் பேசுவார்கள். துணிக்காரி எனக்கு அந்தச் சேலைதான் கண்ணில் படுகிறது. இன்றைக்கும் வீசத்தான் போகிறார்கள் என்று தெரிந்தே காலையில் அதை மடித்து வைத்திருக்கிறார். வீசியவனைத் திருத்திவிட்டுத்தான் பாடம் என்று நினைத்திருந்தால் வகுப்பே நடந்திருக்காது. என் அளவுக்கு அந்த இன்னொரு சேலை எதுவென்றால், முன்கூட்டியே எடுத்துவைத்த இரண்டு வீடியோ. மனசு உடைந்த வாரத்தில் கேமரா முன்னால் உட்கார முடியாது, அப்போது அதில் ஒன்றைப் போட்டுவிடுவேன். செவ்வாய்க்கிழமை வீடியோ வரும், நான் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இன்னொன்று. நல்லதைச் சேர்த்துவைக்க வேண்டும், தானாக மனசில் தங்காது. நூறு பேர் நன்றாக இருக்கிறது என்றாலும் ராத்திரி ஞாபகத்துக்கு வருவது அந்த ஒருவன்தான், மனித மூளை அப்படி. என் வீடியோ பார்த்து முதல் பிளவுஸ் தைத்தவர்கள் அனுப்பும் படங்களை போனில் தனி ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். கொக்கி கோணல், கழுத்து ஒரு பக்கம் ஏற்றம், ஆனாலும் போட்டுக்கொண்டு நின்று சிரிப்பார்கள். "சூப்பர் அக்கா"வையெல்லாம் அதில் சேர்ப்பதில்லை. அதிலும் அளவு இல்லையே.

அந்தக் கைக்குழிக்காரருக்கு நன்றி சொல்லி, வளைவைத் திருத்திப் புது வீடியோ போட்டேன். இரண்டு நாள் கழித்து அவரே வந்திருந்தார். "இப்ப கட்டிங் சரியா இருக்கு. ஆனா வாய்ஸ் சகிக்கல" என்று எழுதியிருந்தார். முதல் வாக்கியத்தை நோட்டில் ஏற்றிக்கொண்டேன்.